ரெண்டு பேரும் எண்டா ரெண்டு பேரும்

நீர் தமிழ்ப் பிள்ளைதானே? ஏறேக்க போனில அம்மாவோட கதைச்சது கேட்டது. "பஸ் ஏறிட்டன், வைக்கிறன்" எண்டு சொல்லிச் சொல்லியே வைக்காம நிண்டீர் பாரும், அதைக் கேட்டிட்டுத்தான் இதில வந்து இருந்தனான். ஹமில்ட்டனில படிக்கிறீரோ? நல்லது. என்ர மகளும் அங்கதான் படிச்சவள். இப்பவும் அங்கதான் இருக்கிறாள். மகனும் அங்கதான். ரெண்டு பேரும் ஒரே ரோட்டில, நடந்து போற தூரத்தில வீடு எடுத்திருக்கினம். நான் ஸ்காபரோவில. தனியத்தான். பழகிப்போச்சு.

இண்டைக்கு அவையின்ர டான்ஸ் பாத்திட்டு வாறன். பாலே. சிரிக்கிறீர் என்ன? சிரியும், எல்லாரும் சிரிச்சவைதான். தமிழ்ப் பிள்ளையளுக்கு என்னத்துக்கு பாலே எண்டு கோயிலில நிண்டு கேட்ட ஆக்கள் எத்தினை.

நான் பரதநாட்டியத்துக்கு விடத்தான் நினைச்சனான். அந்த டீச்சரின்ர வீடு ரெண்டு பஸ் மாறிப் போற இடம். எனக்கு அப்ப பேக்கரியில வேலை, இவருக்கு, என்ர மனுசனுக்கு, இரவு வேலை. பிள்ளையளை ஆர் கொண்டுபோறது? எங்கட பில்டிங்குக்கு எதிர்த்தாப்போல சமூக நிலையம் ஒண்டு இருந்தது. ரோட்டைக் கடந்தாச் சரி. அங்க மிஸ் இரீனா எண்டு ஒரு உக்ரைன்காரி பாலே பழக்கினவ. எப்ப பாத்தாலும் கறுப்பு உடுப்பு, நீட்டுக் கழுத்து. ஆரணியை அவவிட்ட விட்டன். ஆரணி மூத்தவள். செந்தூரன் அவளிலும் ரெண்டு வயசு இளமை. அவனைத் தனிய வீட்டில விடேலாதெண்டு அவனையும் கொண்டுபோய் வாசலில கதிரையில இருத்திவிடுவன். ஒருநாள் வேலையால வந்து பாத்தா பெடியன் கதிரையில இல்லை. உள்ளுக்க, கம்பியைப் பிடிச்சுக்கொண்டு, தமக்கைக்குப் பின்னால நிக்கிறான். பாலேக்குப் பெடியள் வாறது அருமை கண்டீரோ. மிஸ் இரீனா அவனைப் பிடிச்சுவைச்சிட்டா.

இவருக்கு விருப்பமில்லை. ஆம்பிளைப் பிள்ளை இறுக்கின உடுப்போட மேடையில நிண்டா சனம் என்ன சொல்லும் எண்டு முறுமுறுத்தவர். நான்தான் விடாம நிண்டனான். ரெண்டும் ஒண்டாப் போகுதுகள், ஒண்டா வருகுதுகள், அதைவிட வேற என்ன வேணும் எண்டு கேட்டன்.

அதுக்கு ஒரு காரணம் இருக்குது. எனக்கு ஒரு அண்ணன் இருந்தவர். இருந்தவர் என்ன, இப்பவும் இருக்கிறார், நோர்வேயில. ஊரில நானும் அவரும் ஒரே சைக்கிளில பள்ளிக்கூடம் போனனாங்கள். பிரச்சினை நேரம் அவரைக் கொழும்புக்கு அனுப்பிச்சினம். அங்கயிருந்து அவர் வெளிய போனார். பேந்து நான் இஞ்ச வந்தன். முதல் கிழமைக்குக் கிழமை போன். பிறகு வருசப்பிறப்புக்கு. பிறகு அதுவுமில்லை. சண்டை ஒண்டுமில்லை, பிள்ளை. ஒரு சண்டையும் இல்லை. தூரம் போனா அவ்வளவுதான். என்ர பிள்ளையளை அப்பிடி விடுறதில்லை எண்டு நான் முதலே நினைச்சு வைச்சிருந்தனான்.

அவை ரெண்டு பேரும் வீட்டிலயும் பழகுவினம். சோபாவைச் சுவரோட தள்ளிப்போட்டு, கீழ கம்பளி விரிச்சுப்போட்டு. அவன் அவளைத் தூக்கவேணும். பதினாலு வயசுப் பெடியன், அவளோ அவனிலும் ஒரு சாண் உசரம். தூக்குவான், ரெண்டும் சேர்ந்து தொப்பெண்டு விழுங்கள். விழுந்து கிடந்து சிரிக்குங்கள். கீழ்வீட்டு மனிசி தடியால முகட்டில இடிப்பா. நான் குசினியில நிண்டு, சாமிப்படத்தில காலைப் போட்டிடாதேங்கோ எண்டு கத்துவன். அதுக்கும் இங்கிலிசில ஏதோ சொல்லிச் சிரிப்பினம். என்ன சொல்லுகினம் எண்டு எனக்கு விளங்காது. விளங்காட்டி என்ன. புட்டை அவிச்சு வைச்சிட்டு அதைக் கேட்டுக்கொண்டு நிப்பன்.

சாப்பிடக் கூப்பிட்டா வரமாட்டினம். இன்னும் ஒருக்கா, இன்னும் ஒருக்கா எண்டு நிப்பினம். புட்டு ஆறிப்போகும்.

அந்த வருசம் மிஸ் இரீனா பெரிசா ஒண்டு செய்தவ. இளம் பிள்ளையள் மட்டும் ஆடுற பாலே, பெரிய மண்டபம் எடுத்து. கதை காட்டு வாத்துக்களைப் பற்றினது. குளிர் வர வாத்தெல்லாம் கூட்டமாத் தெற்குப் பக்கம் பறக்குமே, நீர் பாத்திருப்பீர். அதில ஒரு வாத்துக்குச் செட்டை முறிஞ்சு பறக்கேலாமப் போகுது. அதின்ர சகோதரி கூட்டத்தோட போகாம அதுக்குத் துணையா உறைஞ்ச குளத்தில நிக்குது. மாரி முழுக்க ரெண்டும் தனிய. அந்த ரெண்டும் என்ர பிள்ளையள். மற்றப் பிள்ளையள் எல்லாம் சுத்தி நிக்க, நடுவில என்ர ரெண்டும்.

மேடையேற முந்தி ஒருநாள் மிஸ் இரீனா என்னை வரச்சொன்னா. எனக்கு அப்ப இங்கிலிஸ் ஓடாது. பாங்க், டொக்டர், பள்ளிக்கூடம், எங்க போனாலும் ஆரணிதான் எனக்கு வாய். அவளைக் கூட்டிக்கொண்டு போனன். அவளைக் கண்டதும் மிஸ்ஸுக்கு ஒரு மாதிரி இருந்திருக்க வேணும். கதைச்சுச் சொல்ல வேற ஆரையும் கூப்பிடவோ எண்டு கேட்டவவாம். இவள்தான் வேண்டாம், நான் சொல்லுறன் எண்டவளாம்.

மிஸ் சொல்லச்சொல்ல அவள் எனக்குச் சொன்னாள். செந்தூரனின்ர உடம்பு அபூர்வமான உடம்பாம். மேற்குப் பக்கம், பிளேனில போற தூரத்தில, தங்கிப் படிக்கிற டான்ஸ் பள்ளிக்கூடம் ஒண்டு இருக்குதாம். அவையள் வந்து அவனைப் பாத்தவையாம். செப்டெம்பரில வரட்டாம். செலவெல்லாம் அவையளே பாப்பினமாம். நான் கேட்டன், அப்ப ஆரணி எண்டு. அதையும் அவள்தானே மிஸ்ஸிட்டக் கேக்கவேணும்? கேட்டாள்.

மிஸ் அவளின்ர முகத்தைப் பாத்து மெல்லமா, கனநேரம் சொன்னா. ஆரணி என்ர பக்கம் திரும்பிப் பாடம் ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னாள்.

"ஆரணி நல்லா முயற்சி செய்யிறாள். ஆனா அவளின்ர உடம்பு இதுக்குச் சரிவராது. இடுப்பு திரும்பாது, உசரமும் கூடிப்போச்சு. இதைத் தொழிலா எடுக்கேலாது. சந்தோசத்துக்கு ஆடட்டும். இதுதான் அம்மா மிஸ் சொல்லுறது."

ஒரு சொல் தடக்கேல்ல. குரல் மாறேல்ல. என்ர பிள்ளை அவ்வளவு திடம். வேற பிள்ளையள் எண்டா அதிலயே அழுதிருக்குங்கள்.

நான் சொன்னன், ரெண்டு பேரும் எண்டா ரெண்டு பேரும், இல்லாட்டி ஒருத்தரும் இல்லை. அப்பிடியே சொல்லு எண்டன். அவள் என்னைப் பாத்தாள். பிறகு மிஸ்ஸின்ர பக்கம் திரும்பி இங்கிலிசில சொன்னாள். மிஸ்ஸுக்குக் கண் கலங்கிப்போச்சு. எழும்பி வந்து என்ர கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டா. பெத்த தாயின்ர மனம் அவவுக்கு விளங்கிப்போச்சு எண்டு நான் நினைச்சன். நிம்மதியா வந்தன். ரோட்டைக் கடக்கேக்க பாத்தா ஆரணி என்னோட வரேல்ல. அங்காலக் கரையிலயே குனிஞ்சு நிக்கிறாள். நாடா கட்டுறன், நீங்கள் போங்கோ எண்டாள். கனநேரம் கழிச்சுத்தான் வீட்டுக்கு வந்தவள்.

என்ன, குளிருதோ? இந்த பஸ்ஸில ஹீற்றர் முன்னுக்குத்தான் வேலை செய்யும். இந்தாரும், இந்தச் சால்வையை மடியில போடும். எனக்கு வேண்டாம்.

மேடையேறின அண்டைக்கு எப்பிடி ஆடினவை தெரியுமோ? எனக்கு அந்த டான்ஸைச் சொல்லத் தெரியாது. மண்டபத்தில ஒரு சத்தமில்லை, அது மட்டும் தெரியும். இவரும் வேலைக்கு லீவு போட்டிட்டு வந்தவர். அவன் அவளைத் தூக்கேக்க இவர் என்ர கையைப் பிடிச்சுப்போட்டு, தான் பிடிச்சது தெரிஞ்சு விட்டவர். முடிய மிஸ் இரீனா மைக்கைப் பிடிச்சு என்னவோ சொல்லி செந்தூரனை முன்னுக்குக் கூப்பிட்டா. சனமெல்லாம் எழும்பி நிண்டு கை தட்டினது. நானும் எழும்பி நிண்டு தட்டினன். பக்கத்தில கௌரி இருந்தவ, அந்த வகுப்புத் தாய்மாரில என்னை விட்டா அவதான் தமிழ். அவ என்னைக் கட்டிப்பிடிச்சு, பிள்ளை செப்டெம்பரில போறானாம், எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லயே எண்டா.

நான் கை தட்டிக்கொண்டு நிண்டனான், பிள்ளை. என்ர மகனை அனுப்புறதுக்கு நானே கை தட்டிக்கொண்டு நிண்டனான்.

வீட்டுக்கு வந்து, அவன் குளிக்கப் போன நேரம், ஆரணியைப் பிடிச்சன்.

"மிஸ்ஸுக்கு நீ என்ன சொன்னனீ?"

"ஓம், அவன் வருவான் எண்டு சொன்னனான்."

"நான் ஓம் எண்டு சொன்னனானோ?"

"இல்லை."

அவ்வளவுதான். மறைக்கவும் இல்லை, மன்னிப்புக் கேக்கவும் இல்லை. மேடையில பூசின வெள்ளை இன்னும் கழுத்தில இருந்தது. பேந்துதான் என்ர கையைப் பிடிச்சாள். "அம்மா, மிஸ் என்னைப் பற்றிச் சொன்னது அவனுக்குத் தெரியாது. அடுத்த வருசம் நானும் அங்க வருவன் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன். தெரிஞ்சா அவன் போகமாட்டான். சொல்லாதேங்கோ." அவள் என்னட்டக் கெஞ்சினது அது ஒருக்காத்தான். சின்னனில விளையாட்டுச் சாமானுக்குக்கூடக் கெஞ்சாத பிள்ளை.

நீர் சொல்லும், ஒரு தாய் என்ன செய்யிறது? பிள்ளைக்குப் பொய் சொல்லி அனுப்புறதோ? விடிய அவன் சீரியல் சாப்பிட்டுக்கொண்டிருக்க நான் சொன்னன். கொக்கா ஆரணிக்கு ஏலாதெண்டு மிஸ் சொல்லிப்போட்டா, அவள் ஒருநாளும் அங்க வரப்போறதில்லை, உன்னை அனுப்பத்தான் பொய் சொல்லியிருக்கிறாள், இனி யோசி எண்டு. ஒண்டும் கூட்டிச் சொல்லேல்ல. உண்மையைத்தான் சொன்னன்.

அவன் கரண்டியை வைச்சிட்டு எழும்பினான். ஆரணி அறை வாசலில வந்து நிண்டாள். உண்மையோ எண்டு அவன் அவளைத்தான் கேட்டான், என்னை இல்லை. அவள் தலையைக் குனிஞ்சாள். அவன் அவளுக்குக் கிட்டப் போய், தலையை அவளின்ர தோளில வைச்சுக்கொண்டு நிண்டான். அவளிலும் கட்டைதானே அப்ப, சரியா தோளளவு. நான் அதைப் பாத்தன். பாத்திட்டு, பாரும், என்ர பிள்ளையள் எவ்வளவு ஒற்றுமை எண்டு நினைச்சன். இப்பவும் அப்பிடித்தான் நினைக்கிறன்.

அவன் போகேல்ல. தமக்கைக்குக் கிடைக்காதது தனக்கு வேண்டாம் எண்டு நிண்டிட்டான். அவள் எவ்வளவோ சொன்னவள், சண்டை பிடிச்சவள், அழுதவள். இவர்கூடப் போகச்சொன்னவர். ஆடவே வேண்டாம் எண்டு நிண்ட மனுசன், "விடு, போகட்டும்" எண்டு எனக்குச் சொன்னவர். நானும் பிடிச்சு வைக்கேல்லயே. அவனாத்தானே மாட்டன் எண்டவன்? மிஸ் இரீனா வீட்டுக்கு வந்து கூப்பிட்டும் அறையை விட்டு வரேல்ல. பிறகு அவன் ஆடவே இல்லை. கொஞ்ச நாளில அவளும் நிப்பாட்டினாள். நான் நிப்பாட்டச் சொல்லேல்ல. ரெண்டு பேரும் ஆடவேணும் எண்டுதானே நான் நிண்டனான்?

அதுக்குப் பிறகு ஆரணி எனக்காக இங்கிலிசில கதைக்கிறதை விட்டிட்டாள். கோவத்தில எண்டு சொல்லமாட்டன். டொக்டரிட்ட என்னோட வந்தாள், பக்கத்தில இருந்தாள். டொக்டர் கேக்க நான் அவளைப் பாக்க, "நீங்களே சொல்லுங்கோ அம்மா, நான் சொன்னாப் பிழையாச் சொல்லிப்போடுவன்" எண்டாள். மெல்லமாத்தான் சொன்னாள், மரியாதையாத்தான். நான் என்ர வயித்தைத் தொட்டுக் காட்டினன், நோகுது எண்டு. வேற என்ன செய்யிறது? பேந்து வகுப்புக்குப் போய்ப் படிச்சன். அதுவும் நல்லதுக்குத்தான். இப்ப நான் ஒருத்தரையும் கேக்காம எங்கயும் போய்வருவன். இண்டைக்குக்கூட, ரெண்டு பஸ் மாறி, நானே கேட்டுக் கேட்டுத்தானே ஹமில்ட்டன் வந்தனான்.

அவள் யூனிவர்சிட்டிக்கு அங்க போனாள். ரெண்டு வருசத்தில அவனும் அதே இடம். ஸ்காபரோவிலயும் யூனிவர்சிட்டி இருக்குதுதான். நான் கேக்கேல்ல. இவர் போய்ச் சேந்த நேரம் ரெண்டு பேரும் வந்து எல்லாம் வடிவாச் செய்திச்சினம். எட்டாம் நாள் காரியம் கழிய வெளிக்கிட்டிச்சினம். அவைக்கும் வேலை இருக்குதுதானே. அவள் பிசியோதெரப்பி, அடிபட்ட விளையாட்டுக்காரரின்ர காலைக் கையைப் பாக்கிறவள். அவன் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறான். தீபாவளிக்குக் கோல் எடுப்பினம். ஒருத்தரின்ர போனிலயே ரெண்டு பேரும் மாறி மாறிக் கதைப்பினம். செலவு மிச்சம்தானே.

போன கிழமை கௌரியைக் கோயிலில கண்டன். போனைக் காட்டி, உன்ர பிள்ளையள் இளம் பிள்ளையளை வைச்சுப் பாலே போடுகினமே, தாங்களும் ஆடுகினமாம், நீ போறியோ எண்டா. ஓமோம், போகத்தான் இருக்கிறன் எண்டு சொன்னன். எனக்கு அவ சொல்லித்தான் தெரியும். அவைக்கு வேலை கூட, சொல்ல மறந்திருப்பினம். நான் இண்டைக்கு விடிய எழும்பி வடை சுட்டன். இந்த நீலச் சாறியைக் கட்டினன். போய், சனத்தோட சனமா டிக்கட் எடுத்து, பின்னுக்கு இருந்தன்.

சின்னப் பிள்ளையள்தான் கூட ஆடினதுகள், கறுப்பு, வெள்ளை, சீனம், எல்லா இனமும். நடுவில ஒரு இடத்தில அவை ரெண்டு பேரும் வந்திச்சினம். செந்தூரன் இப்ப அவளிலும் உசரம். அவளைத் தூக்கினான் பாரும், சும்மா பஞ்சு மாதிரி. அவள் மேல நிண்டு சிரிச்சாள். அந்தச் சிரிப்பை நான் கண்டு எத்தினை வருசம். பக்கத்தில இருந்த வெள்ளைக்கார மனிசி எனக்குக் கண் துடைக்க டிசு எடுத்துத் தந்தவ. மை சில்ரன், எண்டு சொன்னன் அவவுக்கு.

முடிய வாசலில நிண்டன். ஆரணி பூச்செண்டோட வந்தாள், ஆரோடயோ கதைச்சுக்கொண்டு. என்னைக் கண்டதும் கதையை விட்டிட்டாள்.

"அம்மா. ஆர் உங்களுக்குச் சொன்னது?"

கௌரி எண்டன். அவள் தலையாட்டிப்போட்டு உள்ளுக்கப் பாத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் ஓடிவந்து கட்டிப்பிடிச்சான், வேர்வையோட. வடையைக் குடுத்தன். ஆரணி வாங்கி, தாங்ஸ் அம்மா எண்டு சொல்லி, பெட்டியைத் திறந்து அந்தச் சின்னப் பிள்ளையளுக்கு நீட்டினாள். அதுகள் உறைக்குது உறைக்குது எண்டு துள்ளித் துள்ளித் திண்டுதுகள். அவளுக்கு ஒண்டும் மிஞ்சேல்ல.

எனக்குச் சந்தோசம் தாங்கேல்ல. நான் சொன்னன், "பாத்தியளோ, ரெண்டு பேரும் இன்னும் ஒண்டா ஆடுறியள். அண்டைக்கு நான் விட்டிருந்தா ஒருத்தர் அங்க ஒருத்தர் இஞ்ச எண்டு போயிருப்பியள்." பிழையாச் சொன்னனோ? உண்மைதானே? செந்தூரன் நிலத்தைப் பாத்தான். ஆரணி என்ர சாறித் தலைப்பு சரிஞ்சு கிடந்ததை எடுத்துத் தோளில போட்டுவிட்டாள். உடுப்பெல்லாம் மடிக்கவேணும் எண்டு உள்ளுக்கப் போயிட்டாள். கனக்க உடுப்பு, அத்தினை பிள்ளையள் ஆடினதல்லோ.

பின்னேரம் எல்லாருமாச் சேர்ந்து சாப்பிடப் போகினமாம், நில்லுங்கோவன் எண்டான் செந்தூரன். நான் எனக்கு பஸ் இருக்குது எண்டன். அடுத்த பஸ்ஸிலயும் போயிருக்கலாம்தான். நில்லுங்கோ எண்டு இன்னும் ஒருக்காச் சொல்லுவினம் எண்டு பாத்தன். அதுக்கிடையில ஆரோ அவனைக் கூப்பிட்டிச்சினம். ஆனா விட்டிட்டுப் போகேல்ல. பஸ் நிக்கிற இடம் மட்டும் என்னோட நடந்து வந்தவன். ஆடின உடுப்புக்கு மேல கோட் மட்டும் போட்டுக்கொண்டு, அந்தக் குளிருக்க. நான் கதைச்சுக்கொண்டு வந்தன், அவன் கேட்டுக்கொண்டு வந்தான். பஸ் வந்து நிண்ட பிறகு என்ர கையைப் பிடிச்சுச் சொன்னான்.

"அம்மா, அடுத்தமுறை வரேக்க முதலே ஒரு கோல் எடுத்துச் சொல்லிப்போட்டு வாங்கோ. அக்காவுக்கு இப்பிடித் திடீரெண்டு ஏலாது."

கேட்டீரோ? அடுத்தமுறை வரேக்க எண்டு. அப்ப வரச்சொல்லித்தானே சொல்லுறான்? அவளுக்கும் என்னைத் திடீரெண்டு கண்டது சந்தோசம் தாங்காமத்தான் இருந்திருக்கும். ஏறி இருந்ததிலயிருந்து அதைத்தான் நினைச்சுக்கொண்டு வாறன். அடுத்தமுறை கொஞ்சம் கூடவா வடை சுடவேணும்.

அவன் போன வருசம் நம்பர் மாத்தினவன், புதுசு என்னட்ட இல்லை. அதில நிண்டு கேக்க ஒரு மாதிரி இருந்தது, பஸ்காரனும் கதவைப் பூட்டப் பாத்தான். பரவாயில்லை. கௌரியிட்ட இருக்கும்.